வேலிக்குக் கீழே போகும் தண்ணீர்

என் தாத்தா ஐந்து மாடுகள் வைத்திருந்தார். தோட்டத்தை விற்று லயங்களை இடித்த பிறகு, பக்கத்துக் கம்பத்தில் ஓர் ஓடைக்கரையில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். விடியற்காலையில் கறந்து, மோட்டார் சைக்கிளில் இரண்டு தாமான்களுக்குப் பால் ஊற்றிவிட்டு வருவார். வந்ததும் கொட்டகையைக் கழுவுவார். சாணியில் பெரும்பகுதியை அள்ளிக் காயவைத்து, செடி வளர்ப்பவர்களுக்கு விற்பார். மிச்சமும் மூத்திரமும் தண்ணீரோடு சேர்ந்து ஒரு சின்ன வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போகும். ஓடை ஆற்றுக்குப் போகும்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நீர்நிலையை மாசுபடுத்துவதாகப் புகார், கொட்டகையை அகற்ற வேண்டும். மலாய்க் கடிதத்தை நான்தான் தாத்தாவுக்குப் படித்துச் சொன்னேன்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏன்டா தம்பி, மாடு மூத்திரம் பேஞ்சா ஆறு செத்துடுமா? உங்க பாட்டி சாணி தெளிச்சுத்தான் வாசலையே சுத்தம் பண்ணா. மேல கோழிப் பண்ணைக்காரன் இருக்கான், அவனுக்குக் கடுதாசி போச்சா?"

எனக்கு அந்த அரையாண்டில்தான் நீர்த்தரப் பாடம். ஆக்சிஜன் தேவை, அம்மோனியா எல்லாம் சுடச்சுடத் தலையில் இருந்தது. "எல்லாரும் அப்படித்தான் தாத்தா சொல்வாங்க. நீங்களும் செய்றீங்க, அவங்களும் செய்றாங்க. அதனாலதான் ஆறு இப்படி இருக்கு" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் மாடுகளை விற்றுவிட்டார். நான் சொன்னது அறிவியல்படி சரி. ஆனால் அது நியாயமான பதிலா என்ற கேள்வி இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதைப் பேச நான் கொஞ்சம் தூரம், நியூசிலாந்து வரை போக வேண்டியிருக்கிறது. மாடும் ஆறும் மோதிக்கொண்டதை ஒரு நாடே முப்பது வருடமாக உட்கார்ந்து விவாதித்தது அங்கேதான்.

*

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. நீர்ப் பொறியியலில் மாசை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று புள்ளி மூலம்: குழாய், வடிகால் என்று இன்ன இடத்திலிருந்து வருகிறது என விரல் நீட்டிக் காட்டக்கூடியது. இன்னொன்று பரவல் மூலம்: நிலம் முழுவதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, மழையோடும் மண்ணோடும் வருவது. அதற்கு வாசல் கிடையாது.

நமக்குத் தெரிந்த ஆற்றுக் கதைகள் எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கரைப்பான் கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் நினைவிருக்கும்.

அந்தக் கோபத்தில் ஒரு வசதி இருந்தது. யாரைத் திட்டுவது என்று நமக்குத் தெரிந்தது. கெட்டவன் ஒருத்தன் இருக்கிறான், அவனைப் பிடி, மூடு, அபராதம் போடு. நம்முடைய அறச் சொற்கள் எல்லாமே அப்படித்தான் உருவாகியிருக்கின்றன. பாவம் என்றால் செய்தவன் ஒருவன் வேண்டும். குற்றம் என்றால் குற்றவாளி வேண்டும். நம் ஒழுக்கவியலே குழாயைத் தேடுகிற ஒழுக்கவியல். குழாய் இல்லாத இடத்தில் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

நியூசிலாந்தில் 1990இல் சுமார் 3.4 மில்லியன் கறவை மாடுகள் இருந்தன. 2014இல் அது சுமார் 6.7 மில்லியன். தென்தீவின் கேன்டர்பரி சமவெளியில் அதே காலத்தில் மாடுகள் ஏறக்குறைய பத்து மடங்காகின. அது இயல்பில் வறண்ட, கல் நிறைந்த நிலம். பெரும்பாலும் ஆடும் தானியமுமாக இருந்த இடம். ஆற்றுநீரையும் நிலத்தடி நீரையும் எடுத்துத் தெளிப்பான்களால் பாய்ச்சி, அதைப் பச்சைப் புல்வெளி ஆக்கினார்கள். 2001இல் கூட்டுறவுகள் இணைந்து ஃபொன்தேரா உருவானது. நாட்டில் உற்பத்தியாகும் பாலில் சுமார் 95 விழுக்காடு ஏற்றுமதி.

அங்கே மாடுகளைக் கொட்டகையில் கட்டிப்போடுவதில்லை. வருடம் முழுக்க வெளியில் மேயவிடுகிறார்கள். பார்க்க அழகான வாழ்க்கைதான். பால்மா விளம்பரங்களில் வரும் அந்த மலையும் புல்லும் பொய்யில்லை. சிக்கல் அந்தப் புல்லிலேயே இருக்கிறது.

மாடு தின்னும் நைட்ரஜனில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் பாலாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மூத்திரமாக வெளியே வருகிறது. ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பெய்யும். பெய்த அந்தச் சின்ன வட்டத்தில் மட்டும் விழும் நைட்ரஜனைக் கணக்குப் பார்த்தால், ஹெக்டருக்கு 1,000 கிலோ வரை போகும். எந்தப் புல்லாலும் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. யூரியா அம்மோனியமாகி, மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கிவிடுகின்றன. அம்மோனியத்துக்கு நேர் மின்னூட்டம், களிமண்ணுக்கு எதிர் மின்னூட்டம், அதனால் மண் அதைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர் மின்னூட்டம். மண்ணால் பிடிக்க முடியாது. மழை வந்தால் தண்ணீரோடு நேராகக் கீழே இறங்கிவிடும். கேன்டர்பரி போன்ற கல் மண்ணில் இன்னும் சுலபமாக இறங்கும். அங்கிருந்து நிலத்தடி நீர், ஊற்று, ஆறு.

ஆற்றில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடினால் பாசி மண்டும். பாசி இரவில் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீனும் பூச்சிகளும் திணறும். சில ஆறுகளில் நச்சுப் பாசியைத் தின்று வளர்ப்பு நாய்கள் செத்திருக்கின்றன. கேன்டர்பரியின் செல்வின் ஆற்றில் குழந்தைகள் குதித்து விளையாடிய இடங்களில் 'குளிக்காதீர்கள்' என்று பலகை வந்தது. கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், பால்குடிக் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அதை வைத்துத்தான் போடப்பட்டது.

2002இல் மீன்பிடிப்பு, வேட்டை உரிமங்களைக் கவனிக்கும் அமைப்பு ஒன்று 'அழுக்குப் பால்தொழில்' என்று பெயர் வைத்துப் பிரச்சாரம் செய்தது. பண்ணையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ஃபொன்தேராவும் அரசும் வட்டார மன்றங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன: ஓடைகளுக்குள் மாடு இறங்காமல் வேலி போடுவது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலி போட்டார்கள். பண்ணையாளர்கள் சொந்தக் காசைப் போட்டார்கள், வார இறுதிகளில் கரையோரம் செடி நட்டார்கள்.

வேலி உண்மையிலேயே வேலை செய்தது, சில விஷயங்களுக்கு. சாணிக் கிருமியும் மண் அரிப்பும் மண்ணோடு ஒட்டிப்போகும் பாஸ்பரஸும் நிலத்தின் மேல் ஓடி வருபவை. அவற்றை வேலியும் கரைப் புல்லும் தடுக்கும். நைட்ரேட் மேலே ஓடுவதில்லை. வேலிக்குக் கீழே போகிறது.

2013இல் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையராக இருந்த ஜேன் ரைட் தம் அறிக்கையில் சொன்னதன் சாரம் இதுதான்: பண்ணைகள் நன்றாக நடத்தப்பட்டாலும், இவ்வளவு நிலம் பால்பண்ணையாக மாறிக்கொண்டே இருந்தால், நைட்ரஜன் கூடுவது ஏறக்குறைய தவிர்க்க முடியாதது. எனக்கு இதில் உறைத்தது 'நன்றாக நடத்தப்பட்டாலும்' என்ற பகுதி. அதாவது, கெட்டவன் யாரும் இல்லாமலே ஆறு கெடலாம்.

*

இங்கேதான் தத்துவம் தேவைப்படுகிறது.

1968இல் கரட் ஹார்டின் எழுதிய பொதுநிலத்தின் துயரம் பற்றிய கட்டுரையைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அவர் உதாரணமும் மாடுதான். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டைச் சேர்த்தால், லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லோருக்கும். கடைசியில் புல் அழியும். நிலத்தைத் தனியுடைமை ஆக்கு, வேலி போடு என்பது அந்தக் கட்டுரையிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட மருந்து.

நியூசிலாந்தில் அந்த மருந்து ஏற்கெனவே முழுசாகக் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு புல்வெளிக்கும் சொந்தக்காரர் உண்டு, வேலி உண்டு. புல் அழியவில்லை, செழித்திருக்கிறது. பொதுவாக இருந்தது புல் இல்லை, புல்லுக்கு அடியில் இருந்த தண்ணீர். காற்றுக்கும் நீருக்கும் சுலபமாக வேலி போட முடியாது என்று ஹார்டினே அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் அதிகம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, சட்டத்தை விடுவோம். மனசாட்சி? ஒரு பண்ணையாளர் இரவில் படுத்துக்கொண்டு நேர்மையாக யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நான் பத்து மாட்டைக் குறைத்தால் ஆற்றில் ஏதாவது மாறுமா?" மாறாது. எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. "நான் பத்து மாட்டைக் குறைத்தால் என் வங்கிக் கடன்?" அது அளக்க முடிகிற விஷயம். அப்படியானால் அவர் குறைக்காமல் இருப்பது தவறா?

டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளிவந்த தம் நூலில் இதற்கென்றே ஒரு கற்பனை வைத்தார். ஆயிரம் வதையாளர்கள், வதைபட ஆயிரம் பேர். ஒவ்வொரு வதையாளனும் ஒரு பொத்தானை அமுக்குகிறான். ஒரு அமுக்கல் ஆயிரம் பேருக்கும் வலியை உணரவே முடியாத அளவு கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அமுக்கிய பிறகு தாங்க முடியாத வலி. ஆனால் எந்த ஒருவனும், 'நான் யாரையும் கூடுதலாக வலிக்கச் செய்யவில்லை' என்று சத்தியம் செய்யலாம். அது உண்மையும்கூட. பார்ஃபிட்டின் பதில்: என் செயல் தனியாக என்ன செய்கிறது என்று மட்டும் கேட்பது தப்புக் கணக்கு. நாங்கள் சேர்ந்து என்ன செய்கிறோம், அதில் நான் ஒருவனா என்று கேட்க வேண்டும்.

இது நமக்குப் புதிதில்லை. தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும். வடத்தைப் பிடித்த நூறு பேரில் யாராவது ஒருவர் கையை எடுத்தாலும் தேர் நிற்காது. அதற்காக 'நான் இழுக்கவே இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. புண்ணியம் என்றால் பங்கு கேட்கிறோம். அதே தேர் ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிட்டால் மட்டும், 'என் கை பட்டதாலா இடித்தது?' என்கிறோம்.

ஆனால் பார்ஃபிட்டோடு நின்றுவிட்டால் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் பொறுப்பு என்றால், பெரிய பண்ணைக் கம்பெனியும் என் தாத்தாவும் ஒரே தராசில் ஏறிவிடுகிறார்கள். தாத்தாவிடம் நான் சொன்னதும் அதைத்தான்: "நீங்களும் செய்றீங்க, அவங்களும் செய்றாங்க." ஐரிஸ் மரியன் யங் இந்த இடத்தில் எனக்கு உதவினார். அவர் குற்றத்தையும் பொறுப்பையும் பிரிக்கிறார். குற்றம் பின்னால் திரும்பிப் பார்த்து ஒருவரைத் தேடும். பொறுப்பு முன்னால் பார்த்து, இதை மாற்ற யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கும். அந்தப் பொறுப்பும் எல்லோருக்கும் சமமில்லை. யாரிடம் அதிகாரம் இருக்கிறது, யாருக்கு இதில் ஆதாயம், யாருக்கு இதை மாற்றுவதில் அக்கறை இருக்க வேண்டும், யாரால் மற்றவர்களோடு சேர்ந்து செயல்பட முடியும் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

குற்றவாளி இல்லை என்பதால் கடமை இல்லை என்று ஆகாது. குற்ற உணர்ச்சி இல்லாமலே ஒருவர் ஒரு வரம்புக்குக் கட்டுப்படலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது சுருக்கமாக இவ்வளவுதான்.

*

இதில் காலம் வேறு வந்து குழப்புகிறது. நிலத்தில் இறங்கிய நைட்ரேட் ஆற்றுக்கு வந்து சேர சில இடங்களில் சில வருடம், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். வடதீவின் தாவ்போ ஏரிக்கு இன்று வந்து சேரும் நிலத்தடி நீரில் ஒரு பகுதி, இன்றைய பண்ணையாளரின் அப்பா காலத்தில், தாத்தா காலத்தில் பெய்த மழை. அந்த நீரில் இருக்கும் நைட்ரஜன் அன்றைய மாடுகளுடையது. இன்றைய மாடுகளின் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அங்கே ஒரு காரியம் செய்தார்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு நைட்ரஜன் கசியவிடலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வரம்பை ஒருவருக்கொருவர் விற்கலாம், வாங்கலாம். மொத்தச் சுமையைக் குறைக்க, பொதுப்பணத்தில் ஒரு நிதி வைத்து, உரிமையின் ஒரு பகுதியை வாங்கி நிரந்தரமாக ஒதுக்கினார்கள். இலக்கு: 2080க்குள் ஏரி நீரை 2001இல் இருந்த தரத்துக்குக் கொண்டுவருவது. வரம்புக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் 2080ஐப் பார்க்கப் போவதில்லை. தாங்கள் செய்யாததற்காக, தாங்கள் பார்க்கப்போகாத தண்ணீருக்காகக் குறைத்துக்கொண்டார்கள். யாரையும் குற்றவாளி என்று சொல்லி இதைச் செய்ய வைத்திருக்க முடியாது.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொன்று, நாம் எல்லோரும் முகநூலில் பகிர்ந்த செய்தி: 2017இல் வாங்கனுயி ஆறு சட்டப்படி ஒரு நபராக ஆனது. மாவோரி மக்கள் தலைமுறைகளாகப் போராடிப் பெற்றது, நிச்சயமாகப் பெரிய விஷயம். ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆறு ஒரு நபர் என்றால் அது வழக்குப் போடலாம். யார் மேல்? ஆற்றின் சார்பில் பேச ஆள் கிடைத்தாலும், எதிர்ப்பக்கத்தில் ஆள் வேண்டுமே. பரவி வரும் மாசு அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறது.

அதைவிட எனக்கு ஆழமாகப் பட்டது 'தே மானா ஓ தெ வாய்' என்ற மாவோரிக் கருத்து. நீருக்கு உரிய மதிப்பு என்று சொல்லலாம். 2020இல் அந்நாட்டின் நன்னீர்க் கொள்கை அதை ஒரு வரிசையாக எழுதியது. முதலில் நீரின் நலம். இரண்டாவது மனிதரின் குடிநீர் போன்ற உடல்நலத் தேவைகள். மூன்றாவதாகத்தான் தொழில், வருமானம், மற்றவை. யார் தப்பு செய்தார் என்ற கேள்வியே இதில் இல்லை. ஆறு எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார், மிச்சத்தைப் பங்கு போடு. செயற்கை நைட்ரஜன் உரத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டருக்கு 190 கிலோ என்ற வரம்பும் அப்போது வந்ததுதான்.

கதை சுபமாக முடியவில்லை. ஆட்சி மாறியது. 2024இல் வந்த சட்டத்திருத்தம், பண்ணைகளுக்கும் தொழில்களுக்கும் நீர் அனுமதி கொடுக்கும்போது இந்த வரிசையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கியது. பண்ணையாளர் தரப்பிலும் நியாயம் இருந்தது. கடன், மாறிக்கொண்டே இருக்கும் விதிகள், 'ஊரிலிருக்கும் சாக்கடையை விட்டுவிட்டு எங்களையே குறிவைக்கிறார்கள்' என்ற கசப்பு. மேலே கோழிப் பண்ணைக்காரனைக் காட்டிய தாத்தாவின் குரல்தான் அது. அந்தக் குரலைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அது கேட்கும் கேள்வி சரி: வரம்பு எல்லோருக்கும் உண்டா, எனக்கு மட்டுமா?

*

இதெல்லாம் நியூசிலாந்துக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், புண்ணாக்கு பற்றிப் படிக்கும்வரை.

தாத்தா மாடுகளுக்குப் புண்ணாக்கு கரைத்து வைப்பார். நியூசிலாந்து மாடுகளும் புண்ணாக்கு தின்கின்றன, செம்பனைக் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு. அதை உலகிலேயே அதிகம் வாங்கும் நாடு நியூசிலாந்து. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லியன் டன். போவது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். புல் குறைந்த மாதங்களில் அது இருப்பதால்தான், நிலம் தாங்குவதைவிட அதிக மாடுகளைப் பல பண்ணைகளால் வைத்திருக்க முடிகிறது. அந்தப் புண்ணாக்கில் இருக்கும் நைட்ரஜன் நம் செம்பனை மண்ணிலிருந்து போனது. என் தாத்தாவின் லயம் இருந்த இடத்தில் இப்போது இருப்பதும் செம்பனைதான்.

பிறகு அது பாலாகி, மாவாகித் திரும்பி வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பயன்படுத்தும் பால்மாவில் பெரும்பங்கு இறக்குமதி, நியூசிலாந்து அதில் முக்கியமான இடம். தாத்தா மாடுகளை விற்ற பிறகு எங்கள் வீட்டில் பால்மா டின் வந்தது. டின்னில் பச்சைப் புல்வெளி. ஓடையை அழுக்காக்கிய மாடு போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அது இடம்தான் மாறியிருந்தது, நான் பார்க்க முடியாத ஓர் ஓடைக்கு.

அதனால் பால் குடிப்பதை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. நான் இன்னும் தே தாரிக் குடிக்கிறேன். நான் ஒருவன் தே ஓ-வுக்கு மாறினால் செல்வின் ஆறு தெளியாது. அது மறுபடியும் குழாயைத் தேடும் வேலை. இந்தத் தடவை குழாயாக நானே நிற்பேன், கொஞ்சம் குற்ற உணர்ச்சிப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். தனிமனித சுத்தம் என்பது பல சமயம் பொறுப்பிலிருந்து தப்பிக்க நல்ல வழி.

நம் இடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் சுற்றுச்சூழல் இலாகாவின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவீடுகளால் ஆனது: கரைந்த ஆக்சிஜன், உயிரியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை. நைட்ரேட் அந்தக் குறியீட்டில் இல்லை. கேன்டர்பரியில் மக்கள் அஞ்சும் அந்தப் பொருள் கூடினாலும், நம் குறியீடு அதை நேரடியாகக் காட்டாது. அம்மோனியாவை நாம் கவனிப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அது கூடினால் குளோரினை விழுங்கிவிடும், சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த வேண்டிவரும், குழாயில் தண்ணீர் வராது, மக்கள் கத்துவார்கள். கத்த வைக்காத மாசு குறியீட்டுக்குள் வருவதில்லை. எதை அளப்பது என்பது தொழில்நுட்ப முடிவு மட்டும் என்று படிக்கும் காலத்தில் நினைத்திருந்தேன். அது அற முடிவும்தான்.

தேருக்குத் திரும்புகிறேன். வடம் பிடிப்பவர்களைத் தவிர, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சிலர் குனிந்தபடி நடந்து வருவார்கள், கையில் முட்டுக்கட்டையோடு. எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கையில். இழுப்பவர்கள் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் கெட்ட சொல்லாகிவிட்டது, தேரடியில் அது இல்லாமல் யாரும் வடத்தைத் தொட மாட்டார்கள். ஆற்றுக்கு வைக்கும் வரம்பும் அப்படிப்பட்டதுதான். அது யாருக்கும் கொடுக்கும் தண்டனை இல்லை. ஆனால் கட்டையை வைப்பவர் யார், எந்தச் சக்கரத்துக்கு வைக்கிறார் என்பதை ஊர் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

*

தாத்தா விஷயத்தில் அது நடக்கவில்லை. அவருக்கு வந்தது ஒரு கடிதம் மட்டும்தான். இந்த ஓடை எத்தனை மாட்டைத் தாங்கும், எத்தனை கோழியைத் தாங்கும், எத்தனை வீட்டுக் கழிவைத் தாங்கும் என்று யாரும் அவரை உட்கார வைத்துப் பேசவில்லை. அவருடையது புள்ளி மூலம். வாய்க்கால் கண்ணுக்குத் தெரிந்தது, கொட்டகைக்கு முகவரி இருந்தது, ஆள் எளிமையானவர். விரல் நீட்டச் சுலபம்.

அவர் செய்தது தவறே இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஓடைக்குக் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் குளித்தார்கள். கழுவிய தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, பிறகு புல்லுக்குப் பாய்ச்சியிருக்கலாம். அந்தக் குழியை எப்படி வெட்டுவது, எவ்வளவு பெரிதாக என்று கணக்குப் போட எனக்கு அப்போதே தெரியும். ஒரு சனி ஞாயிறு வேலை. நான் அதைச் செய்யவில்லை. பாடத்தைச் சொல்லிக் காட்டிவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன்.

"மாடு மூத்திரம் பேஞ்சா ஆறு செத்துடுமா?" என்று அவர் கேட்டது வாதத்துக்காக இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். இன்றைக்குக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "ஒரு மாடு பேஞ்சா சாகாது தாத்தா. ஆறு மில்லியன் மாடு பேஞ்சா சாகும். நடுவுல எங்கயோ ஒரு எண்ணிக்கை இருக்கு. அது என்னன்னு எல்லாரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கணும். கோழிப் பண்ணைக்காரரையும் கூப்பிடுவோம். அதுவரைக்கும் வாங்க, ஒரு குழி வெட்டுவோம்."

போன தீபாவளிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் லாலாங் மண்டிக் கிடக்கிறது. மாடு போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஓடை இன்னும் கறுப்பாகத்தான் ஓடுகிறது.